பல்பு போட்டால் பாட்டு போய்விடுகிறது: வாசகர் கேள்வி, பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, ரேடியோவில் வரும் கரகரப்புக்கு ரேடியோ காரணமாக இருப்பது அபூர்வம், வீட்டிலிருக்கும் வேறு ஏதோ ஒரு சாமான்தான் காரணமாக இருக்கும் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அவ்வளவுதான், காட்பாடியிலிருந்து ஆரணி வரை கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. இத்தனை பேர் இன்னும் ரேடியோ கேட்கிறார்களா என்று எனக்கே ஆச்சரியம். இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

அப்பாவுக்கு எண்பது வயது. காலையில் சென்னை வானொலியை மீடியம் வேவ் 720 கிலோஹெர்ட்ஸில் கேட்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. போன மாதம் வீடு முழுக்க எல்இடி பல்பு மாற்றினோம், அன்றிலிருந்து செய்திக்குப் பதில் 'சர்ர்ர்' என்றுதான் கேட்கிறது. கடைக்கு எடுத்துப்போனால் அங்கே நன்றாகப் பாடுகிறது, வீட்டுக்கு வந்ததும் மறுபடி அதே கதை. புது ரேடியோ வாங்கிவிடலாமா?
- ஒரு வாசகர், காட்பாடி

வாங்காதீர்கள். கடையில் நன்றாகப் பாடியது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், விடை அதிலேயே இருக்கிறது. பல்புதான் என்று இப்போதே முடிவு கட்டிவிடவும் வேண்டாம். முதலில் ஒரு சோதனை. ரேடியோவில் புது பேட்டரி செல் போட்டு, அடாப்டர் ஒயரைக் கழற்றிவிட்டு, 720க்குப் பக்கத்தில் இரைச்சல் நன்றாகக் கேட்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரை மீட்டர் பெட்டிக்கு அனுப்பி மெயினை அணைக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும், இதை மறந்துவிட்டுத்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். இரைச்சல் அப்படியே நின்றுவிட்டால் திருடன் உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறான். நிற்காவிட்டால் பக்கத்து வீடு, அல்லது தெருக்கம்பம்.

உங்கள் வீட்டில் நின்றுவிடும் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் மெயினைப் போட்டு, எம்சிபிக்களை (மெயினுக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் குட்டிச் சுவிட்சுகள்) ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எந்த எம்சிபி போட்டதும் 'சர்ர்' வருகிறதோ அந்த அறைக்குப் போய், அங்கே ஓடுவதையெல்லாம் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பிளக்கில் இருப்பதைச் சுவிட்சில் அணைப்பதோடு நிறுத்தாமல் பிடுங்கியே பாருங்கள், ஏனென்றால் சில போர்டுகளில் சுவிட்ச் நியூட்ரலை வெட்டும்படி ஒயரிங் செய்து வைத்திருப்பார்கள். கால்மணி நேர வேலை. இதைச் செய்யாமல் ஆயிரம் ரூபாய் செலவு செய்தவர்கள் எனக்குத் தெரிந்து நிறைய பேர் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருவன், அந்தக் கதை கீழே வருகிறது.

பல்புதான் என்று தெரிந்துவிட்டால் அது ஏன் இரைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்இடிக்கு 230 வோல்ட் நேரடியாக ஆகாது. அதனால் பல்பின் கழுத்துக்குள் ஒரு சின்ன சர்க்கியூட் உட்கார்ந்துகொண்டு மின்சாரத்தை வினாடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி விடுகிறது. ஒரு பேச்சுக்கு 60 கிலோஹெர்ட்ஸில் வெட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 60இல் மட்டும் சும்மா இருக்காது, 120, 180, 240 என்று அதன் மடங்குகளிலெல்லாம் எட்டிப் பார்க்கும். பன்னிரண்டாவது மடங்கு எங்கே விழுகிறது? 720இல். சரியாக உங்கள் அப்பாவின் ஸ்டேஷன் மேலேயே. பல்புக்குள் ஒரு சின்னச் சுருளும் கண்டென்சரும் சேர்த்தால் இது வெளியே போகாமல் அடங்கும், ஆனால் விலையைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கழற்றி எறியப்படுவது அந்த இரண்டும்தான், ஏனென்றால் அவை இல்லாவிட்டாலும் பல்பு எரியும். வீட்டு ஒயரிங் முழுக்க அதற்கு ஏரியலாக வேலை செய்கிறது. அதனால்தான் முன்னறை பல்புக்குச் சமையலறையில் ரேடியோ கத்துகிறது.

எல்லா பல்பையும் தூக்கிப்போட வேண்டாம். பத்தில் இரண்டோ மூன்றோதான் பெரிய குற்றவாளியாக இருக்கும். அதை அப்பாவின் அறையிலிருந்து தூரமாக, மொட்டைமாடிப் படிக்கோ பின்கட்டுக்கோ மாற்றிவிட்டு, சத்தம் குறைந்த பல்பை அவர் அறைக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று, இதற்குக் காசே ஆகாது. உங்கள் டிரான்சிஸ்டருக்குள் நீளவாட்டில் ஒரு கறுப்பு ஃபெரைட் ராடு (இரும்பு கலந்த பீங்கான் மாதிரிப் பொருள்) இருக்கிறது, மீடியம் வேவுக்கு அதுதான் ஏரியல் (மேலே இழுக்கும் கம்பி எஃப்எம்முக்கு, அதை இழுத்து என்ன பயன்?). அந்த ராடு தன் இரு பக்கவாட்டிலிருந்து வருவதை நன்றாக வாங்கும், இரண்டு முனைகளின் நேரே இருந்து வருவதை வாங்கவே வாங்காது. வேலூருக்கும் காட்பாடிக்கும் சென்னை ஏறக்குறைய நேர் கிழக்கு. ஆகவே ரேடியோவின் முகம் கிழக்கையோ மேற்கையோ பார்த்திருந்தால் 720 நன்றாக வரும். அப்போது ராடின் முனைகள் வடக்கும் தெற்கும் நோக்கும். இரைச்சல் போடும் சாமான் ரேடியோவுக்கு வடக்கிலோ தெற்கிலோ அமையும்படி இடத்தை மாற்றிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். திருச்சி 936 கேட்பவர்கள் முகத்தைத் தெற்கே திருப்ப வேண்டும். பெங்களூரு 612 மேற்கில் இருப்பதால் அதற்கும் சென்னை வைத்த இடமே போதும்.

ஃபேன் ஓடினால் மட்டும் ரேடியோவில் 'கொர்ர்' என்று ஒரு உறுமல். ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் குறைகிறது, மெதுவாக வைத்தால் அதிகமாகிறது. ஃபேனில் கோளாறா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

ஃபேனில் இல்லை, ரெகுலேட்டரில். உங்களுடையது சுற்றிக்கொண்டே போகும் குமிழ் வைத்த எலக்ட்ரானிக் ரெகுலேட்டராகத்தான் இருக்க வேண்டும். அது 50 ஹெர்ட்ஸ் மின் அலையின் ஒவ்வொரு பாதியையும் நடுவில் வெட்டித் திறக்கிறது, வினாடிக்கு 100 தடவை, ஒவ்வொரு தடவையும் கத்தியால் வெட்டினது மாதிரி கூர்மையாக. அந்தக் கூர்மைதான் ரேடியோவில் உறுமலாகக் கேட்கிறது. முழு வேகத்தில் வெட்டு அநேகமாக இல்லை, அதனால் சத்தமும் இல்லை. நீங்கள் கவனித்து எழுதியது மிகச் சரி.

'டக் டக்' என்று படிப்படியாகத் திரும்பும், உள்ளே கண்டென்சர் வைத்த ரெகுலேட்டரைக் கேட்டு வாங்கி எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டிவிடுங்கள். சில நூறு ரூபாய் வேலை. அது எதையும் வெட்டுவதில்லை, ஓடும் மின்சாரத்தைக் குறைக்க மட்டும் செய்கிறது, ரேடியோவுக்கு அது இருப்பதே தெரியாது. பழைய காலத்துப் பெரிய பெட்டி ரெகுலேட்டர் இன்னும் யார் வீட்டிலாவது சூடேறிக்கொண்டு இருந்தால், அதுவும் ரேடியோவுக்கு நல்ல பிள்ளைதான், கரண்ட் பில்லுக்குத்தான் கெட்டது. நம் ஊர் வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு ரேடியோ கேளுங்கள் என்று சொன்னால் நீங்கள் என்னை அடிக்க வருவீர்கள்.

புதிதாக வரும் ரிமோட் வைத்த பிஎல்டிசி ஃபேன் மின்சாரத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்பது உண்மை. அதன் மண்டைக்குள்ளும் பல்பைப் போலவே ஒரு வெட்டும் சர்க்கியூட் உண்டு. சில ஃபேன்கள் சாதுவாக இருக்கும், சில கத்தும். வாங்கிய அன்றே ரேடியோவை வைத்துப் பார்த்துவிடுங்கள், அப்போதுதான் மாற்றித் தருவார்கள்.

மிக்ஸி போட்டால் ரேடியோ, டிவி எல்லாம் அலறுகிறது. அதைவிடப் பெரிய மோட்டார் உள்ள கிரைண்டர் ஓடினால் ஒன்றுமே இல்லை. ஏன்?
- ஒரு வாசகி, ஆற்காடு

மிக்ஸி மோட்டாருக்குள் இரண்டு கார்பன் துண்டுகள் சுழலும் செம்பின்மேல் உரசிக்கொண்டே இருக்கும், அங்கே இடைவிடாமல் குட்டிக் குட்டித் தீப்பொறி. காற்றோட்ட ஓட்டை வழியாக இருட்டில் பார்த்தால் நீலமாகத் தெரியும். கிரைண்டர் மோட்டாரில் உரசலே கிடையாது, பொறியும் கிடையாது. முன்பைவிட இப்போது அதிகமாக அலறுகிறது என்றால் கார்பன் தேய்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள், மோட்டாருக்கும் அது நல்லது. மற்றபடி சட்னி அரைக்கும் இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரைச்சலைத் தடுக்க ஆன்லைனில் கிளிப் மாதிரி மாட்டும் ஃபெரைட் பத்து வாங்கி எல்லா ஒயரிலும் மாட்டினேன். மீடியம் வேவில் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. ஏமாற்று வேலையா?
- ஒரு வாசகர், ஆரணி

ஏமாற்று இல்லை, ஆனால் அதை விற்கிறவர்கள் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒயரை ஃபெரைட்டுக்குள் ஒரு தடவை மட்டும் நுழைத்தால், எஃப்எம் போன்ற உயர்ந்த அலைவரிசைகளில் ஓரளவு தடுக்கும், 720 கிலோஹெர்ட்ஸில் அநேகமாக எதுவும் செய்யாது. ஒயரைச் சுற்ற வேண்டும். இதில் ஒரு நல்ல கணக்கு உண்டு: இரண்டு சுற்று சுற்றினால் தடுப்பு இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. மூன்றுக்கு ஒன்பது. பத்துச் சுற்றுக்கு ஏறக்குறைய நூறு. ஆகவே பத்து ஒயரில் பத்து கிளிப் மாட்டுவதைவிட, குற்றவாளி ஒயர் ஒன்றில், பெரிய வளையம் ஒன்றில் பத்துச் சுற்று சுற்றுவது எவ்வளவோ மேல். சுற்றும் இடம் சத்தம் போடும் சாமானுக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும், ரேடியோவுக்குப் பக்கத்தில் இல்லை. ஒயர் வழியாக வீடு முழுக்கப் பரவிய பிறகு கடைசியில் போய்த் தடுத்து என்ன ஆகப்போகிறது?

பெரிய வளையத்துக்குக் காயலான் கடைதான் வழி. பழைய பெட்டி டிவியின் குழாய்க் கழுத்தில் செம்புக் கம்பி சுற்றிய ஒன்று இருக்கும், யோக் என்பார்கள், அதற்குள் இருப்பது அருமையான ஃபெரைட். ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தால் மட்டும் வாங்குங்கள், நீங்களே டிவியைத் திறக்கப் போகாதீர்கள், பிளக்கைப் பிடுங்கி வைத்த பிறகும் அந்தப் பிக்சர் டியூபில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு வளையம் கிடைக்கும், பார்க்க அழகாக இருக்கும், அது இரும்புத் தூளில் செய்தது. இந்த வேலைக்கு ஆகாது. நான் அதில் ஒருநாள் முழுக்க சுற்றியிருக்கிறேன்.

கரண்ட் போனால் ரேடியோ நன்றாகக் கேட்க வேண்டும்தானே? எங்கள் வீட்டில் கரண்ட் போனால்தான் இரைச்சலே ஆரம்பிக்கிறது!
- ஒரு வாசகர், சத்துவாச்சாரி

இன்வெர்ட்டர். அதுவும் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். கரண்ட் போனதும் ஃபேன் ஒரு மாதிரி முனகுகிறதா? அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம். அலையை வளைவாகத் தராமல் சதுரம் சதுரமாகத் தருகிறது, சதுரத்தின் மூலைகள் எல்லாம் ரேடியோவில் குத்தும். அடுத்த முறை மாற்றும்போது சைன் வேவ் கேட்டு வாங்குங்கள். அதுவரை, கரண்ட் போகும்போது ரேடியோவைத் திண்ணைக்கு எடுத்துப்போய்விடுங்கள். இரைச்சல் போடும் சாமானுக்கு மிக அருகில் இருக்கும்போது தூரத்தை இரண்டு மடங்காக்கினால் சத்தம் பாதியாகக் குறையாது, அதைவிட வெகுவாகக் குறையும், எட்டில் ஒரு பங்குக்குக்கூட இறங்கும். இரண்டடி நகர்த்துவதை யாரும் ஒரு வைத்தியமாகவே மதிப்பதில்லை.

பக்கத்து வீட்டில் மின்சார ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு சார்ஜ் போட்டால் விடிய விடிய என் ரேடியோ அழுகிறது. எப்படிச் சொல்வது? சண்டை வருமே!
- ஒரு வாசகர், ராணிப்பேட்டை

இங்கேதான் என் கதை வருகிறது. சில வருடங்களுக்கு முன் என் வீட்டு ரேடியோவில் சாயங்காலம் ஆனால் ஒரு 'ஙீ' சத்தம். எதிர்வீட்டில் அப்போதுதான் மாடியில் சோலார் போட்டிருந்தார்கள். அவர்கள்தான் என்று நான் தீர்மானித்து, இரண்டு வாரம் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை. சூரியன் இறங்கின பிறகு சோலார் எப்படிச் சத்தம் போடும் என்று யோசிக்கும் புத்தி வரவில்லை. கடைசியில் பார்த்தால் என் மகன் காலேஜிலிருந்து வந்ததும் போடும் செல்போன் சார்ஜர், நடைபாதைக் கடையில் எடுத்தது, என் தலைமாட்டிலேயே இருந்தது. அதற்குமுன் அந்த இரைச்சலுக்காக ஒரு புது ரேடியோ வேறு வாங்கியிருந்தேன்.

ஆகவே முதலில் உங்கள் மெயினை அணைத்துப் பாருங்கள், காட்பாடி வாசகருக்குச் சொன்னபடி. இன்வெர்ட்டரையும். அதற்குப் பிறகும் அழுதால், கையடக்க ரேடியோவை எடுத்துக்கொண்டு, முனையைத் திருப்பித் திருப்பி, எந்தத் திசையில் சத்தம் அடங்குகிறது என்று பாருங்கள். சத்தம் அடங்கும்போது ராடின் முனை நீளும் கோட்டில்தான் ஆள் இருக்கிறார், முன்னாலோ பின்னாலோ. இரண்டு இடத்தில் நின்று பார்த்தால் கோடுகள் வெட்டும் இடம் தெரிந்துவிடும். அது ஸ்கூட்டர்தான் என்றால், ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள், "அண்ணே, ஒரு வேடிக்கை பாருங்களேன்" என்று ஆரம்பியுங்கள், சார்ஜரை அவர் கையாலேயே ஒரு தடவை அணைத்துப் போடச் சொல்லுங்கள். புகார் சொன்னால் மனுஷன் முறைப்பான், வேடிக்கை காட்டினால் கூடவே துப்பறிய வந்துவிடுவான். எர்த் இல்லாத பிளக் பாயின்டில் போட்டிருந்தால் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள், அது அவருடைய உயிருக்கே நல்லது. சார்ஜரின் இரைச்சல் வடிகட்டும் சர்க்கியூட் எர்த்தை நம்பித்தான் வேலை செய்யும்.

எங்கள் ஊரில் கோடைக்காலத்தில் மட்டும் 'படபட'வென்று வெடிக்கிறது. ஒரு மழை பெய்தால் நின்றுவிடுகிறது. மெயினை அணைத்தும் பார்த்தாகிவிட்டது.
- ஒரு வாசகர், ஆலங்காயம்

மெயினை அணைத்துப் பார்த்துவிட்டு எழுதிய ஒரே வாசகர் நீங்கள்தான், வணக்கம். இது கம்பத்து வேலை. கம்பியைக் கட்டிய கிளாம்போ போல்ட்டோ தளர்ந்து, நடுவில் மயிரிழை இடைவெளியில் பொறி பாய்கிறது. மழையில் அந்த இடைவெளி நனைந்து பொறி நிற்கும், காய்ந்ததும் மறுபடி தொடங்கும். எந்தக் கம்பத்துக்கு அருகில் அதிகம் என்று ரேடியோவோடு நடந்து பார்த்து, கம்பத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, ஈபி ஆபீசில் எழுதிக் கொடுங்கள், அல்லது மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987க்குப் போன் போடுங்கள். "ரேடியோ கேட்கவில்லை" என்று சொல்லாதீர்கள், "கம்பத்தில் பொறி பறக்கிறது" என்று சொல்லுங்கள், லைன்மேன் சீக்கிரம் வருவார். அது பொய்யும் இல்லை. கம்பத்தைத் தட்டியோ ஸ்டே கம்பியை ஆட்டியோ சோதிக்கும் ஆசை யாருக்கும் வேண்டாம்.

உங்களுக்குப் பக்கத்தில்தான் காவலூர். ஊர் வெளிச்சம் படாத இருட்டு வேண்டும் என்றுதான் ஜவ்வாது மலையில் அந்த வானாய்வகத்தை வைத்தார்கள், 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கியும் வந்தது. ரேடியோவுக்கும் அதுமாதிரி ஒரு இருட்டு தேவைப்படுகிறது. பேட்டரி ரேடியோவை எடுத்துக்கொண்டு ஒருநாள் மலைக்குப் போய் 720 வைத்துப் பாருங்கள், உங்கள் வீட்டு ரேடியோ எவ்வளவு நல்ல ரேடியோ என்று அப்போது தெரியும்.

ராத்திரி ஆனால் எங்கள் ரேடியோவில் தமிழுக்கு நடுவே வேறு ஏதோ மொழிப் பேச்சு கலக்கிறது. எந்த சாமானை அணைக்க வேண்டும்?
- ஒரு வாசகி, பேரணாம்பட்டு

எதையும் அணைக்க வேண்டாம். பகலில் மீடியம் வேவை உறிஞ்சிக்கொள்ளும் ஒரு அடுக்கு வானத்தில் இருக்கிறது, சூரியன் மறைந்ததும் அது கலைந்துவிடும். அதற்கு மேலுள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அதே அலைவரிசையில் இருக்கும் நிலையமும் உங்கள் கூடத்துக்கு வந்துவிடுகிறது. ரேடியோவைத் திருப்பி வைத்துப் பாருங்கள், அதற்குமேல் நம் கையில் இல்லை.

ரேடியோ கேள்வி இல்லை, மன்னிக்கவும். விடுதியில் லேப்டாப்பில் வெளி ஹார்டு டிஸ்க் மாட்டினால் வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கிப் போகிறது. மவுஸ் கெட்டுவிட்டதா?
- ஒரு மாணவர், வேலூர்

இதுவும் ரேடியோ கேள்விதான் தம்பி, மவுஸும் ஒரு ரேடியோதானே. உங்கள் மவுஸ் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது. ஹார்டு டிஸ்க் மாட்டும் நீல நிற யுஎஸ்பி 3 துளையும் அதன் ஒயரும் வேலை செய்யும்போது அதே 2.4 பக்கம் இரைச்சலைக் கொட்டும். மவுஸின் குட்டி ரிசீவரை அதற்கு ஒட்டினாற்போல் அடுத்த துளையிலேயே செருகியிருப்பீர்கள். ரிசீவரை எதிர்ப்பக்கத் துளைக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரு அடி நீள யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டி மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். தீர்ந்தது.

சத்தம் போடாத பல்பு எந்தக் கம்பெனி என்று பெயர் சொல்லிவிடுங்களேன், இத்தனை வியாக்கியானம் எதற்கு?
- ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

சொல்ல மாட்டேன், ஏனென்றால் ஒரே கம்பெனியின் 9 வாட் சாதுவாகவும் 12 வாட் கத்துவதாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். போன வருடத்து 9 வாட்டுக்கும் இந்த வருடத்து 9 வாட்டுக்குமே உள்ளே சர்க்கியூட் மாறியிருக்கும். பெட்டியில் இருக்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்கிற பாதுகாப்புக்கானது, ரேடியோவைத் தொந்தரவு செய்யாது என்று அதற்கு அர்த்தம் இல்லை. விலையை வைத்தும் சொல்ல முடியாது. சில மலிவான பல்புகளில் வெட்டும் சர்க்கியூட்டே இல்லாமல் ஒரு சின்ன ஐசி மட்டும் வைத்திருப்பார்கள், அது ரேடியோவுக்கு ஒரு தொல்லையும் தராது.

சட்டைப்பையில் அடங்கும் ரேடியோ ஒன்றைக் கடைக்கு எடுத்துப்போங்கள். எந்தக் கடையிலும் பல்பு எரிகிறதா என்று ஹோல்டரில் மாட்டிக் காட்டத்தான் போகிறார்கள், அந்த நேரத்தில் மீடியம் வேவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் கேளுங்கள். கடையிலேயே நூறு பல்பு எரிந்துகொண்டிருக்கும், ஆகவே மாட்டுவதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் கணக்கு. வேலூர் லாங் பஜாரில் நான் இப்படிச் செய்தபோது முதல் தடவை கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இப்போது நான் போனால் "சார், ரேடியோ கொண்டாந்தீங்களா?" என்று அவரே கேட்டு, நாலு பல்பை எடுத்து வரிசையாக வைத்துவிடுகிறார்.